புழுதி விதைப்பும் ஒரு மறுஒலிபரப்பும்

சென்ற ஆண்டு அக்டோபர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. புரட்டாசி இருபத்து மூன்று. எனக்கு வானொலி நிலையத்தில் மதிய ஒலிபரப்பு இருந்தது. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்தேன். கணவர் அச்சகத்துக்குக் கிளம்பும்வரை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தேன்: ஒன்று சமையல், மற்றது செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பது. ஒலிபரப்பு உள்ள நாட்களில் பேச்சு வாய்க்குப் பழகுவதற்காக அப்படிச் செய்வேன். தயிர் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு மாற்றுச் சேலையைப் பையில் வைத்தேன். அது மட்டும் வழக்கத்தில் இல்லாதது. வேலை முடிந்ததும் கோவில்பட்டி வீட்டுக்குத் திரும்பாமல் நாகலாபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போவதாக இருந்தேன்.

முந்தின நாள் அண்ணன் போன் செய்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் காட்டில் ஒரு தூறல் விழுந்திருந்தது. அன்றைக்கு அதைச் சொல்ல அழைத்தபோது சிரித்துக்கொண்டே பேசினார். செவ்வாய்க்கிழமை பேச்சில் சிரிப்பில்லை.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயேன்" என்றார்.

"நான் வந்து என்னண்ணே செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வா."

கரிசல் காட்டில் மழையை மட்டும் நம்பிய மானாவாரி விவசாயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காடு என்றால் எங்களுக்கு விளைநிலம். எங்கள் பக்கத்தில் மழை பெய்த பிறகு விதைக்க முடியாது. நனைந்த கரிசலில் கால் வைத்தால் செருப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டிராக்டரும் இறங்காது. அதனால் மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிடுவார்கள். பெருமழை வரும்வரை விதை மண்ணுக்குள் உறங்கும். வெயிலால் அதற்குக் கெடுதல் இல்லை. கெடுதல் செய்வது அரைகுறை மழைதான். மேல்மண் மட்டும் நனைந்தால் விதை முளைத்துவிடும். முளைத்த பிறகு அதைத் திரும்ப உறங்க வைக்க முடியாது. ஆகவே எந்த வாரம் விதைப்பது என்பது பெரிய தீர்மானம். ஊரில் எல்லோரும் புரட்டாசிக் கடைசிக்குக் காத்திருப்பார்கள். அந்த வருடம் அண்ணன் மட்டும் புரட்டாசி முதல் வாரத்திலேயே காடு முழுவதும் மக்காச்சோளம் போட்டுவிட்டார்.

விதைத்த அன்று எனக்குச் செய்தி சொன்னார். "ஒங்கொரலைக் கேட்டேன், வெதச்சிட்டேன்." நான் மதிய வானிலை அறிக்கையில் எதையோ வாசித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். என்ன வாசித்தேன் என்று யோசித்துப் பார்த்தும் விதைக்கத் தூண்டும் விதமாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் அதை மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

என் குரலுக்கும் அண்ணனுடைய விதைப்புக்கும் உள்ள உறவு பழையது. நான் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. இன்னும் தற்காலிகம்தான். குரல் தேர்வுக்கு என்னைக் கூட்டிப் போனவர் அவர். நான் உள்ளே வாசித்துக்கொண்டிருக்க, அவர் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று காவலாளியிடம், "உள்ள பேசுதது வெளிய கேக்காதா?" என்று கேட்டாராம். கேட்காது என்றதும், "அப்ப என்னத்துக்கு ரேடியோ?" என்றாராம். இதை அந்தக் காவலாளி ஓய்வு பெறும்வரை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வானிலை அறிக்கையை எப்படி வாசிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மழை என்றாலும் வறட்சி என்றாலும் ஒரே குரல். அறிவிப்பாளருக்கு அபிப்பிராயம் கிடையாது. நானும் அப்படித்தான் வாசித்து வந்தேன். ஆனால் அண்ணன் நம்பவில்லை. நான் மழை என்று சொல்லும்போது குரல் தெளிவாக, ஏறி நின்றால் மழை உண்டு. குரல் இறங்கினால் காகிதத்தில் இருப்பதைச் சும்மா வாசிக்கிறேன் என்று பொருள். இது அவர் கண்டுபிடித்த கணக்கு. சில வருடங்கள் அது பலித்தும் இருக்கிறது. ஊரில் அதை வைத்து அவரைக் கேலி செய்வார்கள். நான் மறுத்துச் சொன்னால், "ஒனக்குத் தெரியாதுட்டி. மேல இருக்கவன் யாரையாவது வச்சுத்தான் சொல்லுவான்" என்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் குரல்நாணில் முடிச்சு விழுந்தது. மதுரையில் காட்டினேன். குறைவாகப் பேசுங்கள் என்றார் மருத்துவர். பிழைப்பே பேச்சு என்றேன். "அப்ப பாத்துப் பேசுங்க" என்றார். குரல் கரகரத்துப் போனது. நிலையத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாத அட்டவணையில் என் முறைகள் மட்டும் குறைந்தன. முன்பு நேயர் விருப்பத்தில் ஊர்ப் பெயர்களை மூச்சு விடாமல் வாசிப்பேன். புதூர், நாகலாபுரம், எட்டயபுரம் என்று பஸ் கண்டக்டர் மாதிரி அடுக்குவேன். அந்த நிகழ்ச்சியே இப்போது இல்லை. மாலை நேரத்தில் பெரும்பகுதி வேறு ஊர் நிலையத்தின் நிகழ்ச்சிகளை வாங்கி அஞ்சல் செய்கிறார்கள். எங்களுடையது என்று மிஞ்சியிருப்பது மதியம் கொஞ்சம், சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி அரை மணி நேரம், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரமும் அடுத்த மாதத்தோடு நிற்கப் போகிறது என்று பேச்சு இருந்தது.

புதன்கிழமை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகியிருந்தது. ஒலிபரப்புத் தொடங்க நேரம் இருந்ததால் கட்டுப்பாட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே இருக்கும் தொழில்நுட்பக்காரர் என்னைவிடப் பத்து வயது சிறியவர், நல்ல மனிதர். முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். தொண்டையைத் தொட்டுக் காட்டி வேண்டாம் என்றேன்.

"ஒங்க கொரலுக்கு இன்னும் மவுசு இருக்கு மேடம். போன மாசம் ரிப்பீட்டு போட்டோம்லா, ரெண்டு மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. அந்தப் பழைய அம்மா திரும்பி வந்துட்டாவளான்னு."

"எந்த ரிப்பீட்டு?"

"வெவசாயத்துல. பேச வேண்டியவர் வரல. அரை மணி நேரம் காலியாக் கெடக்கு. கம்ப்யூட்டர்ல 'புழுதி'ன்னு அடிச்சேன், ஒங்களுது வந்து விழுந்துச்சு. எடுத்து விட்டுட்டேன்."

"எப்ப?"

அவர் நினைத்துப் பார்த்துச் சொன்னார். அண்ணன் விதைத்ததற்கு முந்தின நாள்.

அந்தப் பதிவு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால் செய்தது. வேளாண் அலுவலர் ஒருவரோடு மானாவாரிப் பயிர் பற்றிய உரையாடல். முடிவில் நான் என் குரலில் சொல்லியிருந்தேன்: இந்த வார இறுதியில் நல்ல மழை தொடங்கும் என எதிர்பார்க்கப்படுவதால், புழுதி விதைப்பை உடனே முடித்துவிடுங்கள். அந்த வருடம் அது சரியான வார்த்தை. மழை கொட்டியது.

"மறுஒலிபரப்புன்னு யாரு அறிவிச்சா?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் மைக்குல ஆளே கெடையாதே மேடம். கம்ப்யூட்டர் தானாப் போடும், தானா முடிக்கும்."

பழைய பதிவைப் போட்டால் ஆரம்பத்திலும் முடிவிலும் 'இது மறுஒலிபரப்பு' என்று சொல்ல வேண்டும். நாங்கள் சேர்ந்த புதிதில் சொல்லித்தந்த முதல் விதிகளில் ஒன்று அது. சலிப்பூட்டும் விதி. நேயர்களில் யாருக்கு அது தேவை என்று நாங்கள் அறிவிப்பாளர்கள் பேசிச் சிரித்ததுண்டு. யாருக்குத் தேவை என்று அன்றைக்குத் தெரிந்தது.

தொழில்நுட்பக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், எதும் தப்பாயிட்டா?" என்றார். "எங்க அண்ணன் அதைக் கேட்டு வெதச்சிட்டார்" என்றேன். அவர் முறுக்கை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று பேர் பார்த்த வேலையை அவர் ஒருவர் பார்க்கிறார். காலியான அரை மணி நேரத்தை நிரப்பச் சொல்லியிருந்தார்கள், நிரப்பினார்.

அன்றைய வானிலை அறிக்கை நான்கு வரி. "தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும். ஏனைய இடங்களில் வறண்ட வானிலை நிலவும்." சிவப்பு விளக்கு எரிந்ததும் வாசித்தேன். குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். அந்த நேரத்தில் அண்ணன் பெட்டியைத் திருகிக் காதருகே வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கோவில்பட்டிக்கு வந்து பஸ் மாறி, எட்டயபுரம் தாண்டி நாகலாபுரம் போய் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வழி நெடுகக் காடுகள் உழுது வெறுமையாகக் கிடந்தன. வேறு யாரும் விதைத்திருக்கவில்லை. அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நின்றார். பையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகாமல் நேராகக் காட்டுக்கு நடந்தார்.

வழியில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். பக்கத்துக் காட்டுக்காரர்.

"என்ன அண்ணாச்சி, ரேடியோத் தங்கச்சி வந்திருக்காவ. மழையக் கையோட கொண்டாந்திருக்காவளா?"

"பைக்குள்ள வச்சிருக்கா வே" என்றார் அண்ணன். "ஒமக்கும் ஒரு கை அள்ளிப் போடச் சொல்லட்டா?"

"எனக்கு எதுக்கு? என் விதை மூடையிலேல்லா இருக்கு. அதுக்கு மழை பட்டாத்தான் பிரச்சினை."

அவர் சிரித்துக்கொண்டே ஆடுகளை ஓட்டிப் போனார். அண்ணனும் சிரித்தார். ஆட்டுக்காரர் பார்வையிலிருந்து மறைந்த பிறகுதான் அண்ணன் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுத்தார்.

காட்டின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தியால் உழவுச் சாலில் ஒரு கீறு கீறினார். நானும் உட்கார்ந்தேன். மேலே மண் பொருக்குத் தட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு மக்காச்சோள விதை வாய் பிளந்து, வெள்ளையாக ஒரு முளையை மேல்நோக்கி விட்டிருந்தது. கீழ்நோக்கிப் போன வேர் ஒரு விரற்கடைக்குப் போய், பழுப்பாகி, மடங்கி நின்றிருந்தது. அதற்குக் கீழே விரலால் நோண்டிப் பார்த்தேன். புழுதி. கையில் ஒட்டக்கூட இல்லை.

"அடுத்ததைப் பாரு" என்றார். அதுவும் அப்படியே. வேறொரு சாலுக்குப் போனோம். மேட்டுப் பக்கம் ஒன்று, பள்ளத்துப் பக்கம் ஒன்று. பள்ளத்தில் மட்டும் முளை சற்றுக் கெட்டியாக இருந்தது. மறுபடியும் மறுபடியும் தோண்டினார். ஒன்றாவது முளைக்காமல் இருந்தால் அது இனி வரும் மழைக்கு ஆகும். அதைத்தான் தேடினார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. எல்லாம் முளைத்திருந்தன. நல்ல விதை.

"நாளைக்கு மழை பெஞ்சா பொழைச்சுக்கிடுமா?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பெய்யுமா?"

மதியம் நான் வாசித்ததை அவரும் கேட்டிருந்தார்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "அண்ணே, நீங்க அன்னைக்குக் கேட்டது பழசு. ஆறு வருசத்துக்கு முன்னால பதிஞ்சது. ஆளில்லைன்னு எடுத்துப் போட்டிருக்காங்க. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அவர் கையிலிருந்த முளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பழசுன்னா பழசுன்னு சொல்ல மாட்டாவளா?"

"சொல்லணும். சொல்ல ஆளில்லை."

"ஆளில்லாமயா நடத்துதாவ?"

"ஆமா."

முளையைத் திரும்பச் சாலில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அன்னைக்கு ஒங்கொரலு அவ்வளவு நல்லா இருந்துச்சேட்டி" என்றார். "கரகரப்பே இல்ல. ஒன் மதினிகிட்டகூடச் சொன்னேன், இவளுக்குத் தொண்டை தேறிட்டுதுன்னு. அந்தச் சந்தோசத்துலதான் மறுநாளே டிராக்டரைக் கூப்பிட்டேன்."

அவர் கண்டுபிடித்து வைத்திருந்த கணக்குப்படி அவர் செய்தது சரி. குரல் ஏறித்தான் நின்றிருக்கிறது. அது எந்த வருடத்துக் குரல் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொண்டை தேறிவிட்டதா என்று அவர் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பேன். எனக்கு இனி அது தேறாது என்பது தெரியும். நானும் 'எந்த நிகழ்ச்சி' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் போனில் அதிகம் பேசுவதில்லை. தொண்டைக்கு ஆகாது என்று அவரே சீக்கிரம் வைத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தபோது மதினி கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்திருந்தார். அண்ணன் செய்தியை ஒரே வாக்கியத்தில் சொன்னார். மதினி தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஊரே சும்மா இருக்கு, நம்ம மட்டும் ஏன் பறக்கணும்னு நான் சொன்னேனா இல்லையா? தங்கச்சி வாயத் தொறந்தா இவியளுக்கு வானமே தொறந்த மாதிரி."

"அவ என்ன செய்வா? அவளுக்கே தெரியாதுல்லா."

"அவளையா சொன்னேன்? ஒங்களச் சொன்னேன்." என் பக்கம் திரும்பி, "காப்பியக் குடி. ஆறிரும். தொண்டைக்குச் சூடாப் போகட்டும்" என்றார்.

சாயங்காலம் அண்ணன் வழக்கப்படி வானொலிப் பெட்டியைப் போட்டார். விவசாய நிகழ்ச்சி எங்கள் நிலையத்திலிருந்து வரவில்லை. அன்று அதையும் வெளியூரிலிருந்து அஞ்சல் செய்தார்கள். யாரோ ஒருவர், நல்ல இளங்குரல், குறுவை அறுவடைக்குப் பின் வாய்க்காலில் தண்ணீரை எப்படி முறைவைத்துத் திருப்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் வாய்க்கால் கிடையாது. அண்ணன் பெட்டியை அணைக்கவில்லை. கடைசி வரை கேட்டார். முடிந்ததும், "வாய்க்கா மடைய ராத்திரில தொறக்கக் கூடாதாம்" என்று மதினியிடம் சொன்னார்.

"சரி, தொறக்கல" என்றார் மதினி.

நான் அடுத்த மாத அட்டவணை பற்றிச் சொன்னேன். என் பெயர் அதில் இருக்காது என்றே நினைப்பதாகச் சொன்னேன். அண்ணன் ஆச்சரியப்படவில்லை. "போகட்டும்" என்றார். பிறகு, "நீ வாசிச்சாத்தான் நான் கேக்குதேன். நீ இல்லேன்னா இந்தப் பெட்டி எதுக்கு?" என்றார். அதில் வருத்தம் தெரியவில்லை. ஒரு பொருளை எங்கே தூக்கி வைப்பது என்று யோசிப்பவர் மாதிரி பேசினார். முப்பது வருடத்தில் என் குரலை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நான் சில சமயம் எண்ணிப் பார்த்ததுண்டு. நம்பி ஒரு காரியத்தில் இறங்கியவர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவர் ஒருவரைத்தான். அவருக்கும் இப்படி ஆயிற்று.

சாப்பிடும்போது இனி என்ன செய்வது என்று பேசினார்கள். மக்காச்சோளத்தை உழுது போட்டுவிட வேண்டியதுதான். திரும்ப வாங்கி விதைக்க வழியில்லை. அது கடை விதை, வீட்டில் எடுத்து வைக்கிற ரகம் அல்ல. ஐப்பசி மழையை நம்பி, அதற்கு முன்னாலேயே புழுதியில் உளுந்து போடலாம். விதை உளுந்து இருக்கிறதா என்றேன். விதைக்கென்று இல்லை என்றார் மதினி. தோசைக்கு வைத்திருப்பது உடைக்காமல் தோலோடு டின்னில் இருக்கிறது, போன வருடத்தது, வண்டு விழுந்திருக்கும்.

"அது முளைக்குமா?" என்று கேட்டேன்.

"துளை விழாதது முளைக்கும்" என்றார் அண்ணன். "எவ்வளவு தேறுதோ அவ்வளவு."

"தேறாது" என்றார் மதினி. "ஆனாப் பாப்போம்."

மறுநாள், பத்தாம் தேதி, வியாழக்கிழமை. விடிந்ததும் அண்ணன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மதினி டின்னைத் தூக்கி வந்து முற்றத்தில் சாக்கை விரித்துக் கொட்டினார். மூன்று பேரும் ஆளுக்கொரு சுளகில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்தோம். பல் துலக்கியதற்குப் பிறகு அன்று நாங்கள் செய்த முதல் வேலை அது: துளை விழுந்த உளுந்து சமையலுக்கு, விழாதது விதைக்கு. வெளிச்சம் போதாததால் ஒவ்வொன்றையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மூவர் பக்கத்திலும் சமையல் குவியல் உயர்ந்துவிட்டது. விதைக்கென்று ஒதுக்கியதை மதினி ஒரு தம்ளரில் போட்டார். தம்ளரின் அடி மறையவில்லை. அண்ணன் அடுத்த சுளகை அள்ளினார்.